என்னை ரிலீவ் பண்றவன்

டொக், டொக், டொக்.

மூன்றே தட்டு, ஸ்பானரின் வாலால், கேபின் கதவில். ஒன்றோடு நின்றால் எண்ணெய் போடுகிறவன். தடதடவென்று விழுந்தால் ஃபோர்மேன் சோமசுந்தரம், அதுவும் கோபத்தில். நிதானமாக மூன்று என்றால் ராயப்பன்.

நெய்வேலிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வீடு உயரத்துக்குச் சுழன்று மண்ணைக் கவ்வுகிற அந்த இயந்திரத்தை அநாதையாக விட்டு யாரும் இறங்கக் கூடாது. அடுத்த ஷிப்ட்காரன் வந்து லீவரில் கை வைக்க வேண்டும். அப்புறம்தான் இருக்கிறவன் எழுந்திருக்கலாம். மூன்று வருஷமாக மருதாசலம் எழுந்த சீட்டில் ராயப்பன் உட்கார்ந்தான். ஷிப்ட் மாறும், காலை மாலையாகும், மாலை இரவாகும். ஆனால் வரிசை மட்டும் மாறாது. மருதாசலத்துக்குப் பின்னால் ராயப்பன்.

"ஆருங்க அந்த ராயப்பன்? தூக்கத்துல கூட அந்தப் பேருதான் வருது!" என்று மருதாசலத்தின் மனைவி பார்வதி ஒருநாள் கேட்டாள்.

"என்னை ரிலீவ் பண்றவன்" என்றான் மருதாசலம். மற்றவர்கள் 'என் மச்சான்' என்று சொல்லும்போது ஒரு நெஞ்சு நிமிர்வு இருக்குமே, அந்த நிமிர்வு அவன் குரலில் இருந்தது.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன் மருதாசலம். ராயப்பன் இந்த மண்ணுக்காரன். இருவரையும் சேர்த்து வைத்தது ஷிப்ட் மாறும் அந்தப் பத்து நிமிஷம்தான். எந்தப் பக்கெட்டின் பல் தேய்ந்திருக்கிறது, பெல்ட் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று ஒப்படைத்துவிட்டு, ஒரு பீடியை ஆளுக்குப் பாதியாக இழுப்பார்கள். மருதாசலம் கொண்டுவரும் சுக்குக் காப்பியில் கடைசிக் கால் பங்கு தூக்குவாளியிலேயே சீட்டின் பக்கத்தில் நிற்கும். அது ராயப்பனுக்கு. மறுநாள் தூக்குவாளி காலியாக, கழுவித் துடைத்துத் திரும்பி வரும்.

ஒருவன் இறங்கினால் ஒருவன் ஏற வேண்டும் என்பதால் இருவரும் ஒன்றாக ஓய்ந்திருந்த நாளே கிடையாது. ஒன்றாக ஒரு சாப்பாடு சாப்பிட்டதில்லை. மருதாசலம் அதை ஒரு குறையாக நினைத்தது கூட இல்லை, அந்த ஐப்பசி வரும் வரைக்கும்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் இயந்திரத்தை நிறுத்திப் பிரித்துப் பழுது பார்க்க முடிவாயிற்று. இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் லீவு! அதோடு இன்னொரு செய்தி. கப்பலில் வந்திறங்கிய புது மிஷின் ஒன்றை மைன்ஸில் பாகம் பாகமாகப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபோர்மேன் சோமசுந்தரம் ராயப்பனைக் கூப்பிட்டு, "புதுசுல நீ ஏறு. கூட யார் வேணும்னு நீயே சொல்லு" என்று சொல்லிவிட்டார். கேண்டீன் முழுக்க அதே பேச்சு.

"யாரைச் சொல்லப் போறே, ராயப்பா?" என்று கேட்டுவிட மருதாசலத்துக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை. கேட்டுத்தானா தெரிய வேண்டும்? வேறு யாரைச் சொல்வான்?

"கடக்கரையில வச்சு சொல்றேன்" என்றான் ராயப்பன், தானாகவே.

கடற்கரைப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தவன் ஜீப் டிரைவர் கொளஞ்சியப்பன். நிலத்தடித் தண்ணீரை அளக்கத் துளை போடுகிற பிரிவு சாமியார்பேட்டைக்கு வடக்கே முகாம் போட்டிருந்தது. அங்கே ஒரு வெள்ளைக்கார நிபுணர் தங்கியிருந்த சக்கர வீடு நின்றது. லாரியும் இல்லை, வண்டியும் இல்லை. ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கிற ஒரு முழு வீடு. வெள்ளைக்காரர் ஊருக்குப் போய்விட்டார். மழை பிடிப்பதற்குள் அதை இழுத்து வந்து யார்டில் விட வேண்டும். "ரெண்டு நாள் முன்னாடியே வாங்க. வூட்டுல தங்குங்க, கடல்ல குளிங்க, அப்பால இழுத்துக்கினு வந்துடலாம்" என்றிருந்தான் கொளஞ்சியப்பன்.

மருதாசலம் வேட்டி துண்டோடு, சுக்கும் கருப்பட்டியும் தனியாக ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தான். ஜீப்பின் பின் சீட்டில் ராயப்பன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இடம் இருந்தது. மருதாசலம் காலைத் தூக்கி வைப்பதற்குள்...

"அண்ணே, நானும் வந்துட்டேன்!"

சர்ரென்று ஒருவன் ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டான். சக்கரபாணி! ராயப்பனுடைய ஷிப்டில் பெல்ட் ஃபிட்டர். இளவட்டம். சுருட்டை முடி, மடித்துவிட்ட சட்டைக் கை, தோளில் சிங்கப்பூர் மாமா கொடுத்த டிரான்சிஸ்டர். போன மாசம்தான் ஆபரேட்டர் பரீட்சை பாஸ் பண்ணியிருந்தான்.

"நான்தான் வரச் சொன்னேன்" என்றான் ராயப்பன். "நீ முன்னால குந்து மருதாசலம். உனக்குக் காத்து வேணும் இல்ல?"

நெய்வேலியிலிருந்து வடலூர், அங்கிருந்து குள்ளஞ்சாவடி. வழி முழுக்க முதுகுக்குப் பின்னால் சிரிப்பு. சக்கரபாணி ஏதோ சொல்வான், ராயப்பன் கெக்கெக்கே என்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பான். ராயப்பனுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே மருதாசலத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

ஷிப்ட் முழுக்க, தினமும், இவனிடம்தான் இப்படிச் சிரித்துக்கொண்டிருக்கிறானா? எனக்குப் பத்து நிமிஷம், இவனுக்கு எட்டு மணி நேரமா?

குள்ளஞ்சாவடிச் சந்தையில் கத்தரிக்காய் வாங்க வண்டி நின்றது. கொளஞ்சியப்பன் பெருமூச்சு விட்டான். "எங்க செக்ஷன்ல ரெண்டு பேர ரிலீவ் பண்ணிட்டாங்க, தெரியுமா? மெட்ராசுக்குத் தூக்கிட்டாங்க. ரிலீவ் பண்ணா அவ்ளோதான். ஒரு மால, ஒரு போண்டா, ஒரு கும்புடு. மறுநா அவன் பேரு எவனுக்கும் ஞாபகம் இருக்காது."

"அப்பிடிங்களா" என்றான் மருதாசலம். அவன் காது பின் சீட்டில் இருந்தது.

சக்கர வீடு உப்பங்கழிக் கரைச் சரிவில் சவுக்குத் தோப்புக்கு முன்னால் நின்றது. வெண்ணெய் நிறம், வளைந்த கூரை, பச்சைத் திரை போட்ட கண்ணாடி ஜன்னல். இரண்டே சக்கரம். முன்பக்கம் ஒரு முட்டுக்கல். உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பு, குழாய், முகம் பார்க்கும் கண்ணாடி. எல்லாம் உண்டு. ஆனால் படுக்கைப் பலகை இரண்டுதான்.

கொளஞ்சியப்பன் ஜீப்பைத் திருப்பினான். அவன் மாமியார் வீடு புதுச்சத்திரத்தில் இருந்தது. அங்கே கோழி அடித்திருந்தார்கள். "நாளைக்கு சாயங்காலம் வரேன். ஒண்ணே ஒண்ணு. சக்கரத்துக்கு அண்ட கொடுத்திருக்கிற கட்டைய மட்டும் எவனும் தொடாதீங்க. பிரேக்கு செத்துப் போயி ஆறு மாசம் ஆவுது. கட்டைய எடுத்தா வூடு நேரா தண்ணிக்குக் குளிக்கப் போயிடும்!"

எல்லாரும் சிரித்தார்கள். மருதாசலமும் சிரித்தான்.

சாயங்காலம் சக்கரபாணி விறகு பொறுக்கப் போனான். மணலில் ராயப்பனும் மருதாசலமும் மட்டும். மூன்று வருஷத்தில் முதல் தடவை! அவசரம் இல்லை, சங்கு ஊதப் போவதில்லை, பேச ஒரு இரவே கிடக்கிறது. மருதாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நிறுத்தறப்ப பல்லு எப்படி இருந்திச்சி?" என்றான் ராயப்பன்.

"ரெண்டு தேஞ்சிருந்துச்சு."

"பெல்ட்டு?"

"எடது பக்கம் இழுக்குது."

"சரி."

அவ்வளவுதான். பீடி வந்தது, பாதி போனது. பத்து நிமிஷம் ஆனதும் ராயப்பன் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றான். பிறகு எழுந்தது ஏன் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். இருவரும் கடலைப் பார்த்தார்கள். மருதாசலத்துக்கு வியர்த்தது. உன் மகளுக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்கலாம். அவனுக்கு மகள் உண்டா, மகனா? மூன்று வருஷத்தில் கேட்கவே இல்லையே!

சக்கரபாணி விறகோடு வந்து டிரான்சிஸ்டரைத் திருகினான். "அண்ணே, செங்கமலம் அண்ணி கட்டிக் குடுத்த புளிச்சோத்த எடுக்கட்டா? பெரியவனுக்கு வாத்தியாரு அடிச்சாரே, கை வீக்கம் வத்திச்சா?" என்றான். ராயப்பனின் மனைவி பேர் செங்கமலம். அது கூட இவனுக்குத் தெரிந்திருக்கிறது!

சாப்பிட்டபின் மருதாசலம் அடுப்பைப் பற்றவைத்துச் சுக்குக் காப்பி போட்டான். மூன்று டம்ளரில் ஊற்றினான். சக்கரபாணி ஒன்றை எடுத்து, ராயப்பனுடையதைத் தள்ளி வைத்தான்.

"ராயப்பண்ணனுக்கு எதுக்கு? அவருதான் சுக்குக் காப்பியே தொட மாட்டாரே! எங்க ஆத்தா போட்டுக் குடுத்ததை எத்தினி தபா நீட்டியிருக்கேன், பித்தம் பித்தம்னுவாரு."

ராயப்பன் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்து கடல் பக்கம் போனான்.

மருதாசலத்தின் கையில் டம்ளர் சுட்டது. அப்படியானால் மூன்று வருஷமாகத் தூக்குவாளியில் வைத்ததெல்லாம்? குடித்தானா, கேபின் ஜன்னல் வழியாகக் கொட்டினானா? கொட்டிவிட்டுத்தான் அத்தனை சுத்தமாகக் கழுவி அனுப்பினானா?

படுக்கிற நேரம் வந்தபோது ராயப்பன்தான் பங்கு பிரித்தான். "சக்கரபாணி கீழ்ப் பலக, நான் மேல் பலக. மருதாசலத்துக்குக் காத்து புடிக்கும், வெளியில படுத்துக்குவான். என்ன மருதாசலம்?"

"அதுக்கென்ன" என்றான் மருதாசலம். விடிய விடிய அவன் மேல் பனி கொட்டியது. உள்ளிருந்து குறட்டை கேட்டது. எவனுடையது என்று பிரித்தறிய முயன்றே தூக்கம் போயிற்று.

காலையில் மீன் கூடையோடு சாமியம்மாள் வந்தாள். ஊரெல்லாம் அந்தச் சக்கர வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருந்தாலும், இன்றைக்குத்தான் உள்ளே எட்டிப் பார்க்க அவளுக்கு வாய்த்தது.

"யம்மாடி! வூட்டுக்குச் சக்கரம் வச்சிருக்கானே, பொண்டாட்டி கோச்சிக்கினு ஆத்தா வூட்டுக்குப் போனா வூட்டயே ஓட்டிக்கினு பின்னால போவலாம் போலிருக்கே! சங்கரா மீன் இருக்கு, சாமி. யாரு சமையலு?"

"நான்தான்" என்றான் சக்கரபாணி. "ராயப்பண்ணனுக்கு என் கைக் கொழம்புன்னா உசுரு."

சாமியம்மாள் கூடையை இறக்கிக்கொண்டே மருதாசலத்தின் முகத்தைப் பார்த்தாள். தூக்கம் கெட்ட கண், தொங்கிய உதடு.

"இவருக்கு இன்னா வந்திச்சி? ரெண்டாந்தாரம் வந்த வூட்டுல மூத்தவ குந்திக்கினு இருக்கிற மாதிரி குந்தியிருக்காரு!"

ராயப்பன் கெக்கெக்கே என்று சிரித்தான். சக்கரபாணி மணலில் புரண்டு சிரித்தான். "நான்தான் ரெண்டாந்தாரமா, ஆயா?" என்று தலையில் துண்டை முக்காடாகப் போட்டுக் காட்டினான். மருதாசலத்தின் காது மடல் பற்றி எரிந்தது. கிழவி விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் குறி தப்பாமல் போட்டாளே!

மீன் குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அநியாயம்.

சாப்பாடு ஆனதும் ராயப்பனும் சக்கரபாணியும் சட்டி கழுவ உள்ளே போனார்கள். மருதாசலம் ஜன்னலுக்குக் கீழே நிழலில் சாய்ந்திருந்தான். உள்ளே தண்ணீர்ச் சத்தம். அதற்கு நடுவில் ராயப்பனின் தணிந்த குரல்:

"...ஃபோர்மேன்கிட்ட சொல்லிட்டேன்டா. புது மிசினுக்கு நீதான்."

"நெசமாவா அண்ணே? மருதாசலண்ணன் இன்னா சொல்லுவாரு?"

"மருதாசலத்த நான் ரிலீவ் பண்ணிக்கிறேன். அந்தக் கவல உனக்கு வாணாம். கொளஞ்சி வர்றதுக்குள்ள அவன்கிட்ட நானே பக்குவமா சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் நீ வாயத் தொறக்காத."

ரிலீவ் பண்ணிக்கிறான்! ஒரு மாலை, ஒரு போண்டா, ஒரு கும்பிடு. மறுநாள் பேர் கூட ஞாபகம் இருக்காது. அதைச் சொல்லத்தானா கடற்கரை வரைக்கும் கூட்டி வந்தான்? பக்குவமாகவா?

வானத்தின் கிழக்கு மூலையில் மை கொட்டினாற்போல் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. ராயப்பன் வெளியே வந்தான். "மழ வரும்போல. கொளஞ்சிக்கு ஆள் மூலமா சொல்லிவிட்டுட்டு வரேன். வந்து உன்கிட்ட ஒரு சேதி சொல்லணும், மருதாசலம்" என்றான். அவன் முகத்தில் ஒரு வெட்கச் சிரிப்பு.

சிரிக்கிறான். சிரித்துக்கொண்டே அறுக்கப் போகிறான்.

ராயப்பன் தோப்புக்குள் மறைந்தான். உள்ளே சக்கரபாணி கீழ்ப் பலகையில் நீட்டிப் படுத்து, டிரான்சிஸ்டரை மார்பில் வைத்துக்கொண்டு அதோடு சேர்ந்து பாடினான். இனி எட்டு மணி நேரம் இல்லை, எந்நேரமும் இவன்தான்.

மருதாசலத்தின் கண் சக்கரத்துக்கு அடியில் போயிற்று.

கொல்ல நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை. உப்பங்கழியில் அந்த ஓரத்தில் முழங்கால் தண்ணீர்தான். வீடு சறுக்கிப் போய்ச் சேற்றில் உட்கார வேண்டும். டிரான்சிஸ்டரும் சுருட்டை முடியும் சேற்றில் குளித்து எழுந்து வர வேண்டும். ராயப்பன் அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு கட்டையைக் காலால் எத்தினான். அது உருண்டு தண்ணீருக்குள் விழுந்தது. முட்டுக்கல்லை ஒருக்களித்துத் தள்ளினான். இன்னொரு கட்டையைக் கையால் உருவினான்.

வீடு அசையவில்லை.

சக்கரம் மணலில் நன்றாக இறங்கிப் போயிருந்தது. மருதாசலத்துக்கு ஏமாற்றமாகவும் இருந்தது, அப்பாடா என்றும் இருந்தது. என்ன காரியம் செய்யப் பார்த்தோம்! குனிந்து கட்டையைத் திரும்பச் செருகப் போனான். அந்த நேரம் உள்ளே சக்கரபாணி பாட்டை நிறுத்தி, தனக்குத்தானே பேசிக்கொண்டான்.

"புது மிசினு ஆபரேட்டர் சக்கரபாணி!"

மருதாசலம் நிமிர்ந்தான். கட்டை கையிலேயே இருந்தது. அதோடு நடந்து போய்ச் சவுக்கு மரத்தடியில் நின்றுகொண்டான்.

மழை ஒரு துளி இரண்டு துளி என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. அண்டாவைக் கவிழ்த்தாற்போல் கொட்டியது. பகல் இருண்டு எதிரே கை தெரியவில்லை. சரிவெங்கும் தண்ணீர் ஓடி மணலை அரித்துக்கொண்டு போயிற்று. அந்த மழைக்குள்ளிருந்து தலையில் துண்டோடு ஓர் உருவம் ஓடி வந்தது, ஒரே தாவலில் சக்கர வீட்டுக்குள் ஏறிக் கதவைச் சாத்தியது.

ராயப்பன்!

"இறங்குடா ராயப்பா! இறங்கு!" மருதாசலத்தின் குரலை இடி விழுங்கியது.

ராயப்பன் ஏறிய அதிர்வே போதுமானதாக இருந்தது. வீடு ஒருமுறை நடுங்கியது. பிறகு, யாரோ கைப்பிடித்து அழைத்துப் போகிறாற்போல, மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. மருதாசலம் பாய்ந்தான். ஜீப்பில் மாட்டுகிற இழுகம்பியைப் பிடித்தான். மண்மலையை அசைக்கிற லீவரை மூன்று வருஷம் பிடித்த கை, ஒரு தகர வீட்டைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. சறுக்கிக்கொண்டு போன வீடு கழிக்குள் இறங்கியது, ஒரு சக்கரம் சேற்றில் புதைந்தது, கதவிருக்கும் பக்கமாகச் சாய்ந்து படுத்தது.

கதவு சேற்றில் அழுந்திவிட்டது. கடல் ஏற்றத்தில் இருந்ததால் முழங்கால் தண்ணீர் என்று அவன் நினைத்த இடத்தில் இடுப்பளவு நின்றது. மழை அதன் மேல் மேலும் கொட்டியது.

உள்ளே சக்கரபாணி அலறினான். பிறகு அந்த அலறலும் நின்றது. மருதாசலம் வீட்டின் மேல் ஏறித் தகரத்தில் காதை வைத்தான்.

டொக், டொக், டொக்.

மூன்று. நிதானமாக.

நான் இங்கே இருக்கிறேன் என்று ராயப்பன் அவனுக்குச் சொன்னான். வேறு யாருக்கும் புரியாத பாஷையில், அவனுக்கு மட்டும்.

மருதாசலம் ஓங்கி அடித்தான். ஜன்னல் கண்ணாடி சிதறியது. மறுபடி அடித்துச் சட்டத்தைப் பெயர்த்தான். கீழே மார்பளவு தண்ணீரில் ராயப்பன் நின்றுகொண்டு, நினைவு தப்பிய சக்கரபாணியைத் தோளில் தாங்கியிருந்தான். அவனை மேலே தள்ளினான், மருதாசலம் இழுத்தான். பிறகு ராயப்பன் கையை நீட்டினான். கண்ணாடி கிழித்து முழங்கை வரை ரத்தம். மருதாசலம் அந்தக் கையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டான்.

கரைக்கு வந்ததும் சக்கரபாணி தண்ணீரைக் கக்கி எழுந்து உட்கார்ந்தான். மருதாசலத்தின் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். "எனக்கு நீந்தத் தெரியாதுண்ணே! நீங்க இல்லன்னா செத்திருப்பேண்ணே!"

ராயப்பனின் கண் மருதாசலத்தின் வலது கையில் இருந்தது. கண்ணாடியை உடைத்த ஆயுதத்தை மருதாசலம் இன்னும் விடாமல் பிடித்திருந்தான். சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கட்டை.

"சக்கரபாணி, நடக்க முடியுமா? மீன்காரங்க வூடு தெரியுதே, அங்க போயி ஆள் கூட்டிக்கினு வா" என்றான் ராயப்பன். அவன் தள்ளாடிப் போகும் வரை காத்திருந்தான்.

"கட்ட உன் கையில எப்பிடி வந்திச்சி?"

மருதாசலம் கட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனான்.

"நீ வெளியில எங்க நின்ன? அவ்ளோ மழையில உள்ள வராம நின்னிருக்க. வூடு ஓட ஆரம்பிச்சப்பறம் கட்டய எடுத்திருக்க முடியாது. முன்னாடியே எடுத்திருக்க."

"நீ உள்ள போவீன்னு எனக்குத் தெரியாது ராயப்பா! என்ற மக மேல சத்தியம்!"

"அவன் உள்ள இருந்தது தெரியுமில்ல?"

மருதாசலம் வெடித்தான். "ஏன் பண்ண மாட்டேன்? மூணு வருசம்டா! நேத்து வந்த பயலுக்குப் புது மிசினு, என்னை ரிலீவ் பண்ணிடறேன்னு அவன்கிட்ட சொல்றே! காதால கேட்டேன்! பக்குவமாச் சொல்றானாமா, பக்குவமா!"

ராயப்பன் அவனையே பார்த்தான். மழை அவன் முகத்தில் வழிந்தது.

"ரிலீவ் பண்றேன்னுதான்டா சொன்னேன்" என்றான் மெல்ல. "மூணு வருசமா தெனமும் இன்னா பண்ணிக்கினு இருக்கேன்? உன்ன ரிலீவ் பண்றதுதான என் வேல?"

மருதாசலத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "அப்ப புது மிசினு?" என்றான்.

"புது மிசினு எனக்கு வாணாம்னு ஃபோர்மேன்கிட்ட சொல்லிட்டேன். அதுல ஏறினா நாம ரெண்டு பேரும் வேற வேற வரிசையில போவணுமாம். கூட நீதான் வேணும்னேன், பழய மிசினுக்கும் ஒரு பழய ஆளு வேணும், சேந்தாப்பல போட முடியாதுன்னுட்டாரு. சரி, பரீட்ச பாஸ் பண்ணிட்டு அலையறானே, அந்தப் பையன ஏத்திவுடுங்க, நான் பழய சீட்டுலயே மருதாசலத்துக்குப் பின்னால குந்திக்கிறேன்னேன். அந்த சீட்டு நீ எழுந்திரிச்ச சூட்டோட இருக்கும். அது எனக்குப் பழகிடிச்சி. அதச் சொல்லத்தான்டா இங்க வரச்சொன்னேன். நேத்து உன்கூட குந்தினப்ப சொல்லலாம்னு பாத்தேன். வாய் வரல."

"ராயப்பா..."

ராயப்பன் அவன் கையிலிருந்து கட்டையை வாங்கினான். கோபமாகப் பிடுங்கவில்லை. ஷிப்ட் மாறும்போது ஸ்பானரை வாங்குகிற மாதிரித்தான் வாங்கினான். உப்பங்கழிக்குள் தூர எறிந்தான்.

"இப்பதான்டா உன்ன ரிலீவ் பண்றேன்" என்றான்.

கொளஞ்சியப்பன் வந்து தலையில் அடித்துக்கொண்டபோது, "மழையில மண்ணு அரிச்சி கட்ட வழுக்கிடிச்சி" என்று ராயப்பன்தான் சொன்னான். சக்கரபாணி அதற்கு மேல் ஒரு படி போய், மருதாசலண்ணன் வெள்ளத்தில் குதித்த கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். நெய்வேலிக்குத் திரும்பும்போது பின் சீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

பழுது பார்த்து முடிந்து இயந்திரம் ஓடத் தொடங்கிய முதல் நாள். மருதாசலம் சுக்குக் காப்பி கொண்டு போயிருந்தான். கால் பங்கு தூக்குவாளியில் விட்டு, சீட்டின் பக்கத்தில் வைத்தான். அவனுக்கு ஒரு நம்பிக்கை. கோபம் ஆறாதா? சீட்டின் சூடு பழகிவிட்டது என்றானே!

சங்கு ஊதியது. இரும்பு ஏணியில் காலடிச் சத்தம் கேட்டது.

டொக், டொக்.

கொஞ்சம் தாமதித்து, டொக்.

"சரியா தட்டினனா, அண்ணே?" சக்கரபாணி பல்லெல்லாம் தெரிய உள்ளே எட்டிப் பார்த்தான். "மூணு தட்டணும்னு ராயப்பண்ணன்தான் சொல்லிக் குடுத்தாரு. அவரு புது மிசினுக்குப் போயிட்டாரு. எனக்கு இந்த சீட்ட வாங்கிக் குடுத்து, 'உசுரக் காப்பாத்தினவரு, அவருக்குப் பின்னால நீ இரு'ன்னுட்டாரு. இன்னிலருந்து நான்தாண்ணே உங்கள ரிலீவ் பண்றவன்!"

அவன் லீவரில் கை வைத்தான். இனி மருதாசலம் எழுந்தே ஆக வேண்டும்.

எழுந்தான். தூக்குவாளியைக் கையில் எடுத்துக்கொண்டான். "அது யாருக்குண்ணே?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மருதாசலம் ஏணியில் இறங்கினான். ராயப்பன் குடித்தானா, கொட்டினானா? அதை இனிமேல் யாரிடம் போய்க் கேட்பது?

ஏணியின் பாதியில் நின்று பார்த்தான். சுரங்கத்தின் அக்கரையில் புது மிஷின் மஞ்சள் பெயிண்ட் மின்ன நின்றது. அங்கேயும் ஷிப்ட் மாறிக்கொண்டிருந்தது. ஒருவன் ஏணியில் ஏறினான். தோளைச் சாய்த்து ஏறுகிற அந்த நடை யாருடையது என்று இத்தனை தூரத்திலும் மருதாசலத்துக்குத் தெரிந்தது. கேபின் கதவு திறந்தது. அவன் உள்ளே போனதும் சீட்டிலிருந்து வேறொருவன் எழுந்தான். இரண்டு உருவமும் சேர்ந்து நின்றன. இங்கிருந்து தெரியவில்லைதான், ஆனால் நடுவில் ஒரு பீடி இருக்கும்.

ராயப்பனுக்கு முந்தின ஷிப்டில் இருக்கிறவன் எவன்? எந்த ஊர்க்காரன்?

யாரைக் கேட்டால் தெரியும் என்று யோசித்துக்கொண்டே மருதாசலம் மீதிப் படிகளை வேகமாக இறங்கினான்.